மேடைக்குக் கீழே கொடுத்த பெட்டி

நீங்கள் சாட்சி. அந்த மாலையில் சங்கரன்கோவில் கல்யாண மண்டபத்து நாற்காலிகளில் அமர்ந்திருந்தவர்கள் நேரில் கண்ட சாட்சி. வராதவர்கள், பிறகு கைப்பேசிக்கு வந்து சேர்ந்த சின்னக் காணொளியைக் கண்ட சாட்சி. பட்டுக்கரை வேட்டி கட்டிய ஓர் இளைஞன் ஒலிவாங்கியை வாயருகே பிடித்து ஒரே ஒரு வாக்கியம் சொல்கிறான். மண்டபம் கைதட்டுகிறது. காணொளி அங்கே முடிந்துவிடுகிறது. அந்த இளைஞன் நான். "அண்ணே, என்னா டைமிங்" என்று உங்களில் பலர் எனக்குச் செய்தி அனுப்பினீர்கள். அந்த வாக்கியத்துக்கு முன்னால் இருந்ததும், அதற்குப் பின்னால் ஒரு மனிதருக்கு நேர்ந்ததும் காணொளியில் இல்லை. அவற்றைச் சொல்லவே எழுதுகிறேன்.

மேடை நிகழ்ச்சிகளைத் தொகுத்தளிக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே! ஓய்வுபெற்றவன் எழுதுகிறேன் என்றால் சிரிப்பீர்கள். எனக்கு முப்பத்திரண்டு வயது. தொண்டையில் கோளாறு இல்லை, அழைப்புகளும் நின்றுவிடவில்லை. ஆயினும் நான் மேடையேறிப் பத்து மாதம் ஆகிறது. ஒலிவாங்கியை எவ்வளவு தள்ளிப் பிடிப்பது, பிரமுகர்களின் பெயர்களை எந்த வரிசையில் வாசிப்பது என்பவற்றை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். ஒரு கேள்வி திடீரென்று எழுந்து நிற்கும்போது, ஒலிவாங்கி உங்கள் கையில் இருந்தால் என்ன செய்வீர்கள் என்பதுதான் நான் பேச வந்தது.

கல்லூரி நாட்களில் எந்தத் தலைப்பிலும் எந்தப் பக்கத்திலும் பேசுவேன். காலையில் 'ஆம்' என்று வென்று, மாலையில் அதே தலைப்பில் 'இல்லை' என்று வென்றிருக்கிறேன். அந்தப் பெருமையோடுதான் எங்கள் ஊர் நாகசுர வித்துவானிடம் போய்ச் சேர்ந்தேன். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. ஊரார்போல 'ஐயா' என்றே சொல்கிறேன். கடல் கடந்து போய் வாசித்துவிட்டு வந்தவர். கச்சேரிக்கு முன்னால் அவரை அறிமுகம் செய்து பேசுவது என் வேலை. ஏழு ஆண்டுகள் அதைச் செய்தேன்.

ஐயாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. தமக்கு அருகில் இருப்பவர்களுக்குத் தம் சொந்தப் பொருள்களைக் கொடுப்பார். கடையில் வாங்கிக் கொடுப்பதில்லை. தாம் உடுத்தியது, தாம் பிடித்தது, தாம் கட்டியது. கோவில் வாசலில் பூ விற்கும் அம்மாளுக்குத் தம் குடை. தையல்காரருக்குத் தம் மூக்குக் கண்ணாடிச் சட்டம். ஒலிபெருக்கி அமைக்கும் இசக்கிக்கு, மார்கழிப் பனியில் உட்கார்ந்து இருமுகிறான் என்று, தம் கழுத்திலிருந்த கம்பளித் துண்டு. கொடுக்கும் இடத்தில் மட்டும் அவர் கண்டிப்பானவர். மேடையில் ஒருபோதும் கொடுக்க மாட்டார். காரில் ஏறும்போதோ செருப்பு மாட்டும்போதோ கையில் வைத்து அழுத்திவிட்டுப் போய்விடுவார். ஏன் என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"மேடையில குடுத்தா அது எனக்குப் பேரு வே. கீழ வச்சுக் குடுத்தாத்தான் அது வாங்குதவனுக்கு" என்றார்.

எனக்குக் கொடுத்தது கைக்கடிகாரம். அதற்குக் காரணம் ஒரு தவறு, அதையும் சொல்லிவிடுகிறேன். சிவகிரியில் ஒரு பள்ளி ஆண்டு விழா. ஐயாவை அறிமுகம் செய்யச் சொல்லி ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். முதல் கைதட்டல் எழுந்ததும் எனக்கு ஐந்து நிமிடம் மறந்துபோயிற்று. நாகசுரத்தின் வாயில் செருகும் சீவாளி என்பது நாணல் தட்டையில் செய்த சிறு பொருள். எச்சில் ஈரத்தில் பதமாக இருந்தால்தான் பேசும். ஐயா அதை நனைத்துத் தயாராக வைத்துக்கொண்டு, என் பின்னால் பேசாமல் உட்கார்ந்திருந்தார். நான் முடித்தபோது அரைமணி ஆகியிருந்தது. முதல் ஓசை கிறீச்சிட்டது. குழந்தைகள் சிரித்துவிட்டார்கள்.

திரும்பும் வழியில் ஐயா தம் கடிகாரத்தைக் கழற்றினார். "நீரு நல்லாத்தான் பேசுதீரு. ஆனா உம்ம பேச்சுல என் சீவாளி காஞ்சு போயிட்டு. இதக் கட்டிக்கிடும். பாத்து நிறுத்தும்."

காரை ஓட்டிக்கொண்டிருந்த சுடலைமுத்து அண்ணாச்சி கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "மணி பாக்கத் தெரிஞ்சவருன்னா முன்னாலயே நிறுத்தியிருப்பாருல்லா ஐயா? பெரிய முள்ளு எது, சின்ன முள்ளு எதுன்னு சொல்லிக் குடுத்துட்டுக் குடுங்க."

ஐயா வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

சுடலைமுத்து ஐயாவிடம் இருபது ஆண்டுகளுக்கு மேல் காரோட்டியாக இருந்தவர். வீட்டுச் சாவியும் பீரோ சாவியும் அவர் இடுப்பில் தொங்கிய நாட்கள் உண்டு. அதிகம் பேசமாட்டார், பேசினால் இப்படித்தான், ஒரு வரியில் ஆளைக் கவிழ்த்துவிடுவார். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் கதையில் அனைத்தையும் இழந்தவர் அவர்.

பக்கத்து ஊரான திருவேங்கடத்தில் ஐயாவுக்கு ஒரு பாராட்டு விழா நடந்தது. ஞாயிறு காலை. மாலைகள், சால்வைகள், வாழ்த்துரைகள் முடிந்ததும் ஐயா அரைமணி நேரம் வாசிக்க வேண்டும். பக்கத்தில் அவருடைய சீடர் இரண்டாம் நாகசுரத்தோடு உட்கார்ந்தார். வாசிப்பு தொடங்கிச் சிறிது நேரத்தில் இசக்கி மேடையின் பின்புறம் வந்து என் தோளைத் தொட்டான்.

"பெரியவரு மைக்ல ஒண்ணுமே வரல்ல வே."

"மைக்கு போயிட்டா?"

"மைக்கு நல்லாத்தான் இருக்கு" என்றான்.

நான் எட்டிப் பார்த்தேன். ஐயாவின் விரல்கள் துளைகளின் மேல் முறையாக ஓடிக்கொண்டிருந்தன. கன்னங்கள் அசையவில்லை. சீடர் ஒருவரே இருவருக்குமாக ஊதிக்கொண்டிருந்தார். அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது, கண் ஓரமாக ஆசானையே பார்த்துக்கொண்டிருந்தது. கூட்டத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஐயா கும்பிட்டார்.

மூச்சு குறைந்ததை எழுதுவது சரியா என்று பலநாள் தயங்கினேன். மூச்சு குறைவது மனிதருக்குக் குற்றம் அல்ல. அதைப்பற்றி நான் பிறகு பேசியதுதான் குற்றம். அதைச் சொல்ல இதைச் சொல்லாமல் முடியவில்லை. சீடரிடம் கேட்டேன். "எழுதுங்க. எனக்கும் பாரமாத்தான் இருக்கு" என்றார்.

திரும்பும்போது உச்சிவெயில். இருபுறமும் கரிசல், அறுத்துவிட்ட மக்காச்சோளத் தட்டை. ஒரு வேப்பமரத்தடியில் காரை நிறுத்தச் சொன்னார் ஐயா. முன்இருக்கையில் அவர், பின்னால் நான், சால்வைகளுக்கு நடுவே. மடியிலிருந்த துணிப்பையிலிருந்து வெள்ளிப் பெட்டி ஒன்றை எடுத்தார். உள்ளங்கை அளவு, மூடியில் தேய்ந்துபோன ஒரு மயில். சீவாளிகளை வைக்கும் பெட்டி. அவருடைய தந்தை, அவரும் நாகசுரக்காரர், பயன்படுத்தியது. ஐயா வாசிக்கும் இடமெல்லாம் அது அவர் வலது முழங்காலருகே இருக்கும்.

"சுடலை, இத நீ வச்சுக்கோ."

"எனக்கு எதுக்குய்யா? எனக்கு ஆரன் அடிக்கத்தான் தெரியும். ஊதவா தெரியும்?"

"ஊதத் தெரியாதவன்கிட்ட இருந்தாத்தான் இது சும்மா கெடக்கும். வீட்டுல இருந்தா என் கை தேடும்ல."

சுடலைமுத்து கைகளை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்கவில்லை. ஐயா பெட்டியை அவர் சட்டைப் பைக்குள் தாமே வைத்தார்.

"யாருக்குக் குடுத்தாலும் ஏன் எதுக்குன்னு கேப்பாங்க. நீ கேக்கமாட்ட." பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "பேச்சாளரே, நீரும் கேக்கல. நீரு எதையும் பாக்கவும் இல்ல. சரியா?"

"சரிங்கய்யா" என்றேன்.

மரத்தடியில் இன்னும் சிறிது நேரம் நின்றோம். அதன்பின் ஐயா எந்த மேடையிலும் நாகசுரம் எடுக்கவில்லை. காய்ச்சல் என்றார், முதுகுவலி என்றார். நான்கு மாதம் கழித்துக் காலமானார்.

முதலாண்டு நினைவேந்தலை நடத்தித் தரும்படி ஐயாவின் மூத்த மகன் என்னிடம் கேட்டார். வெளியூரில் அலுவலகப் பணியில் இருப்பவர், மரியாதையானவர். விழாவில் புதுமை வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. வாழ்த்துரையும் புகழுரையும் எங்கும் இருப்பவை. ஐயா கொடுத்த பொருள்களையெல்லாம் வாங்கியவர்களே மேடைக்குக் கொண்டுவந்து காட்டி, கொடுத்த கதையைச் சொன்னால் எப்படி இருக்கும்? மகனுக்குப் பிடித்துப்போயிற்று. நிகழ்ச்சிக்கு 'வள்ளலின் கைப்பொருள்கள்' என்று நானே பெயர் வைத்தேன்.

ஒலிபெருக்கிக்குச் சொல்லப் போனபோது இசக்கி கேட்டான்: "அவரு கீழ வச்சுக் குடுத்தத நீரு எதுக்கு வே மேல ஏத்துதீரு?"

அதற்கு நான் அழகாக ஒரு பதில் சொன்னேன். வேர் மண்ணுக்குள் இருக்கலாம், பூ வெளியே வந்துதானே தீரும் என்பதுபோல ஏதோ. இசக்கி வயரைச் சுருட்டிக்கொண்டே, "பூவ நீரு பறிக்கீரு. அது தானா வரல்ல" என்றான். அவன் துண்டைக் கொண்டுவர மறுத்துவிட்டான். "அது என் கழுத்துல கெடக்கு. பாக்கணும்னா இங்கன வந்து பாத்துக்கிடச் சொல்லும்."

சுடலைமுத்துவை நான்தான் தொலைபேசியில் அழைத்தேன். ஐயா போனபின் அவர் ஊரில் அழைத்த வீடுகளுக்கு ஆக்டிங் டிரைவராகப் போய்க்கொண்டிருந்தார். வயதானவர்களைத் திருநெல்வேலி மருத்துவமனைக்குக் கூட்டிப்போவது, கல்யாண வீட்டு நகைப் பையோடு பெண்களைக் கொண்டுவிடுவது எல்லாம் அவரிடம்தான் வரும். சுடலை ஓட்டினால் பின்னால் தூங்கலாம் என்பார்கள்.

"எனக்கு எதுக்குத் தம்பி மேடையெல்லாம்? கால் நடுங்கும்."

"நீங்க இல்லாம எப்படி அண்ணாச்சி? அந்தப் பெட்டியக் கொண்டாங்க."

"அதையா?" என்றார். பிறகு, "நீங்க அங்கன இருப்பீயல்லா?" என்று கேட்டார்.

"நாந்தான அண்ணாச்சி நடத்துதேன்."

"அப்பச் சரி" என்றார்.

விழாவில் முதல் உரை என்னுடையது. மண்டபம் நிறைந்திருந்தது. அந்தக் கூட்டத்தைப் பார்த்ததும், எழுதி வைத்திருந்ததை விட்டுவிட்டேன். திருவேங்கடத்துக் காலையைப் பற்றிப் பேசினேன். அன்று ஐயா ஊதியது காற்றை அல்ல, தம் உயிரை என்றேன். எஞ்சியிருந்த மூச்சையெல்லாம் ஓர் இராகமாக்கி நமக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பினார் என்றேன். கூட்டத்தில் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். கைதட்டல் ஓய நேரமாயிற்று. மேடையில் இருந்த சீடர் தலையைக் குனிந்துகொண்டார். இசக்கி தன் ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்தான். அது நான் அறியாமல் சொன்ன பொய் அல்ல. அறிந்தே சொன்னேன். பேச்சுக்கு ஓர் உச்சம் தேவைப்பட்டது. உண்மையில் உச்சம் இல்லை.

பிறகு பொருள்கள் வந்தன. பூ விற்கும் அம்மாள் குடையை மேடையிலேயே விரித்துக் காட்டினார். "கார்ல போறவனுக்கு எதுக்குட்டி குடை, நீ பிடின்னாக. நான் வெயில்ல பிடிக்கல, பூவுக்குப் பிடிச்சேன்" என்றார். சிரிப்பு. தையல்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டே வந்தார். அதன்பின் நான் சுடலைமுத்துவின் பெயரைச் சொன்னேன்.

வெள்ளைச் சட்டை, மஞ்சள் துணிப்பை. படியேறும்போது ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். பையிலிருந்து பெட்டியை எடுத்து இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு, "ஐயா இத..." என்று தொடங்கினார். நான் ஒலிவாங்கியை அவர் பக்கம் நீட்டினேன்.

முன்வரிசையிலிருந்து மூத்த மகன் எழுந்துவிட்டார்.

"அண்ணாச்சி, இது தாத்தா பெட்டியில்லா? வீடு பூரா ஒரு வருசமாத் தேடுதோமே. இது எப்படி உங்ககிட்ட?"

திருடன் என்று அவர் சொல்லவில்லை. வியப்பில் கேட்ட கேள்விதான். ஆனால் மேடையருகே நின்றதால் அது ஒலிவாங்கியில் விழுந்து மண்டபம் முழுக்கக் கேட்டது. குடும்பம் தேடிக்கொண்டிருந்தது என்பது அதுவரை எனக்குத் தெரியாது. சுடலைமுத்துவுக்கும் தெரியாது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"ஐயாதான் குடுத்தாக" என்றார்.

"சீவாளிப் பெட்டிய உங்களுக்கு எதுக்கு...?" மகன் முடிக்கவில்லை. பின்வரிசையில் யாரோ, "டிரைவரு நாயனம் வாசிக்கப் போறாரு போல" என்றார்கள். சிரிப்பு ஒன்று தொடங்கி, நின்று, முணுமுணுப்பாக மாறியது.

சுடலைமுத்து என்னைப் பார்த்தார். பதறிப் பார்க்கவில்லை. கார் புறப்படும் முன் பின்னால் எல்லோரும் ஏறிவிட்டார்களா என்று கண்ணாடியில் பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார்.

அந்தச் சில நொடிகளில் என் உள்ளத்தில் ஓடியதை அப்படியே சொல்கிறேன். ஐயாவுக்குக் கொடுத்த வாக்கு முதலில் நினைவுக்கு வந்தது என்று சொன்னால் கௌரவமாக இருக்கும், வரவில்லை. 'நான் பார்த்தேன்' என்றால் 'எங்கே' என்பார்கள். திருவேங்கடத்துச் சாலையில் என்றால் 'ஏன்' என்பார்கள். ஏன் என்று சொன்னால் கால்மணி நேரத்துக்கு முன் நான் வாங்கிய கைதட்டல் என்ன ஆகும்? இதைத்தான் கணக்கிட்டேன். மேடையில் சங்கடம் எழுந்தால் அதை ஓர் அழகிய வாக்கியத்தால் மூடிவிட்டு அடுத்த நிகழ்ச்சிக்குப் போய்விட வேண்டும் என்பது நம் தொழிலில் எல்லோரும் செய்வது. நானும் செய்தேன். ஒலிவாங்கியை என் வாயருகே கொண்டுவந்தேன்.

"தொலைந்த பெட்டி வீடு திரும்பிவிட்டது; அது எந்தக் கையில் இருந்தது என்று கேட்காமல் விடுவதே ஐயா வீட்டுப் பெருந்தன்மை!"

மண்டபம் கைதட்டியது. நீங்கள் பார்த்த காணொளி இதுதான்.

அவரைக் காப்பாற்றிவிட்டதாகவே அந்தக் கணத்தில் நினைத்தேன். கைதட்டல் ஓங்கி எழுந்தபோதுதான் நான் சொன்னதன் பொருள் எனக்கே கேட்டது. மகன் கேட்டது கேள்வி. அதற்கு நான் தீர்ப்புச் சொல்லியிருந்தேன், மன்னிப்பும் சேர்த்து. சுடலைமுத்து பெட்டியை மேசைமேல் வைத்தார். மூடி சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்தார். மஞ்சள் பையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வந்த படியிலேயே இறங்கிப் போனார். நான் அடுத்த பெயரை அழைத்தேன்.

'ஐயா கொடுத்தார். நான் பார்த்தேன்.' நான்கு சொற்கள். ஏன் எதற்கு என்று யார் கேட்டிருந்தாலும், அது ஐயாவின் விருப்பம் என்று நிறுத்தியிருக்கலாம். நிறுத்தச் சொல்லிக் கொடுத்த கடிகாரம் மணிக்கட்டில்தான் இருந்தது. மணிக்கணக்கில் பேசப் பழகிய எனக்கு, நான்கு சொல்லில் பேசி நிறுத்தும் பயிற்சி இல்லை.

அடுத்த நாளே காணொளி ஊர் சுற்றியது. பாராட்டுகள் வந்தன. அவற்றுக்கெல்லாம் நன்றி சொல்லிப் பதிலும் அனுப்பினேன். ஒரு மாதத்துக்குப் பின் வேறொரு விழாவுக்காக இசக்கியைத் தேடிப் போனேன். அவன் என்னை உட்காரச் சொல்லவில்லை.

"சுடலை அண்ணாச்சி ஊர்ல இல்ல, தெரியுமா?"

"எங்க போனாரு?"

"புளியங்குடி. எலுமிச்சங்கா மண்டியில லோடு ஆட்டோ ஓட்டுதாரு. இங்கன ஒரு வீட்டுலயும் அவரக் கூப்பிடல வே. ஒரு வீட்டுல காரக் கழுவச் சொல்லிருக்காங்க. கழுவி முடிச்சதும் சாவிய வாங்கி உள்ள வச்சுக்கிட்டாங்களாம். அன்னைக்கே பஸ் ஏறிட்டாரு." கையிலிருந்த வயரைக் கீழே போட்டான். "நீரு பாத்தீருல்லா?"

"என்னத்த?"

"பெரியவரு குடுத்தத. நீரு பாத்திருக்கணும். அந்தக் கார்ல நீருதான வந்தீரு. எனக்கு மைக்கு நின்னது மட்டுந்தான் தெரியும். நீரு பூராவும் பாத்தவரு."

அன்று மாலை மூத்த மகனைத் தொலைபேசியில் அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். "அன்னைக்கே ஏன் சொல்லல?" என்றார். பிறகு அவரே, "சரி விடுங்க. பெட்டிதான் வந்துட்டே. நாங்க யாரும் அவரத் தப்பா நெனைக்கல, அதயெல்லாம் மறந்துட்டோம்" என்றார். நல்ல மனிதர், நல்ல மனத்தோடு சொன்னார். ஆனால் மறக்க வேண்டியது அவர் வீடு மட்டுமா? கார் வைத்திருந்த ஒவ்வொரு வீட்டிலும் அந்தக் காணொளி இருந்தது. ஊரறியச் சொன்னதைத் தொலைபேசியில் ஒரு காதுக்குள் திருத்திவிட்டு வந்திருந்தேன்.

மறுநாள் காலை புளியங்குடிக்குப் பேருந்து ஏறினேன். மண்டியில் ஏலம் முடிந்து மூட்டைகள் ஏறிக்கொண்டிருந்தன. நசுங்கிய எலுமிச்சையின் வாசனை கண்ணைக் கரித்தது. சுடலைமுத்து ஆட்டோவின் பின்புறம் நின்று கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். காக்கிச் சட்டை. என்னைக் கண்டதும் வேலையை நிறுத்தவில்லை.

"வாங்க தம்பி. கூட்டம் எதுவும் இருக்கா இங்க?"

"உங்களப் பாக்கத்தான் வந்தேன் அண்ணாச்சி."

வழியெல்லாம் ஒரு மன்னிப்புரை தயாரித்து வைத்திருந்தேன். அதில் இரண்டு வாக்கியம் சொல்வதற்குள் அவர் கையை உயர்த்தினார்.

"ஐயா குடுத்தத நீங்க பாத்தீயல்லா?"

"பார்த்தேன்."

"அதுக்குத்தான் நான் மேடை ஏறுனேன். ஒத்த ஆளு பாத்திருக்காரு, அவரு கையிலதான் மைக்கு இருக்கு, நமக்கு என்ன பயம்னு ஏறுனேன்." கயிற்றின் முடிச்சை இறுக்கினார். "அந்தப் பெட்டிய நான் காட்டவா வந்தேன்? ஐயா போயிட்டாக. இனி அவுக கை தேடாது. பிள்ளையள்ட்டயே குடுத்திருவோம்னு கொண்டாந்தேன். அதச் சொல்லத்தான் வாயத் தொறந்தேன்."

கொடுக்க வந்தவரை நான் பிடிபட்டவர் ஆக்கியிருந்தேன். அதுவரை எனக்கு இது தெரியாது. எலுமிச்சைச் சாறு ஊறிய தரையில் என் செருப்பு ஒட்டிக்கொண்டது.

"நீங்க எடுக்கலன்னு எனக்குத் தெரியும் அண்ணாச்சி" என்றேன்.

அவர் அன்று முதன்முறையாகச் சிரித்தார். கண்ணாடியில் பார்த்துச் சிரித்த பழைய சிரிப்பு அல்ல.

"எனக்குந்தான் தெரியும். எனக்குத் தெரிஞ்சத எங்கிட்ட வந்து சொல்லி என்ன தம்பி பிரயோசனம்? பஸ் செலவுதான் வேஸ்ட்டு."

தம்பிகளே, தங்கைகளே! அன்று வீடு திரும்பியபின் நான் மேடையேறவில்லை. அழைத்தவர்களுக்குத் தொண்டை சரியில்லை என்றேன். ஐயா காய்ச்சல் என்று சொன்னதுபோல. அடுத்த மாதம் ஐயாவின் இரண்டாமாண்டு நினைவேந்தல் அதே மண்டபத்தில் நடக்கிறது. தொகுத்து நடத்தப்போவது உங்களில் ஒருவர் என்று கேள்விப்படுகிறேன். அவர் யாரென்று எனக்குத் தெரியாது. அவரிடம் நான் கேட்பது ஒரு நிமிடம். பெயர் சொல்லி அறிமுகம் செய்ய வேண்டாம், அடைமொழி வேண்டாம். பின்வரிசையில் இருப்பேன். கை உயர்த்துவேன். ஒலிவாங்கியை மட்டும் நீட்டுங்கள். அதன்பின் ஊர் சுடலைமுத்துவை மறுபடி அழைக்குமா என்பது எனக்குத் தெரியாது. அழைத்தாலும் அவர் வருவாரா என்பதும் தெரியாது. காணொளி ஓடிய தொலைவுக்கு என் நான்கு சொல் ஓடாது என்பது மட்டும் தெரியும்.

ஏன் ஒரு நிமிடம் என்று கேட்பீர்கள். அன்று மண்டியில் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டேன்.

பஸ் செலவைச் சொல்லிவிட்டுச் சுடலைமுத்து முன்பக்கம் போய் ஏறி உட்கார்ந்துவிட்டார். வண்டி உறுமியது. நான் பக்கவாட்டில் ஓடி நின்று, "அண்ணாச்சி, இழைக்கப்பட்ட அநீதிக்கு அதே அவையில்..." என்று தொடங்கினேன். மூட்டை ஏற்றிய தொழிலாளி ஒருவர், தலைத் துண்டை அவிழ்த்துக்கொண்டே, "என்ன வே சொல்லுதீரு? ஒண்ணும் கேக்கல. சத்தமாத்தான் சொல்லுமே" என்றார். அரங்குகளில் ஒலிபெருக்கி நின்றபோதும் கடைசி வரிசைவரை எட்டிய குரல் என்னுடையது. அது ஒரு லோடு ஆட்டோவின் இரைச்சலைத் தாண்டவில்லை. சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சுடலைமுத்து என்ஜினை அணைத்தார். என்னைப் பார்க்கவில்லை, காத்திருந்தார்.

அப்போது, மண்டி முழுக்கக் கேட்கும்படி, நான் சொன்னேன்:

"ஐயா குடுத்தாக. நான் பாத்தேன். இத நான் சங்கரன்கோவில்ல, அதே மண்டபத்துல, அதே மைக்ல, அதே சனத்துக்கு முன்னால சொல்லுவேன் அண்ணாச்சி. இதச் சொல்லாம இனி எந்த மேடையிலயும் நான் வேற பேச்சு பேசமாட்டேன்."